ஓடப் போகிறவர் ஏன் குதிக்கிறார்?

தடகளப் போட்டியை டிவியில் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? 100 மீட்டர் ஓட்டம். எட்டுப் பேர் அவரவர் லேனில் வந்து நிற்கிறார்கள். பெயரைச் சொல்லி அறிவிக்கிறார்கள். கேமரா ஒவ்வொரு முகமாக நகர்கிறது. அந்த நேரத்தில் பலர் சும்மா நிற்பதில்லை. முழங்கால் நெஞ்சைத் தொடுகிற மாதிரி இரண்டு துள்ளு துள்ளுகிறார்கள். சிலர் முழங்காலை மடக்காமல், கணுக்காலை மட்டும் வைத்துத் தட் தட் தட் என்று குதிக்கிறார்கள். பிறகுதான் குனிந்து, கோட்டுக்குப் பின்னால் விரல்களை ஊன்றுகிறார்கள்.

இன்னும் ஒரு நிமிடத்தில் உயிரைக் கொடுத்து ஓட வேண்டியவர், இருக்கிற தெம்பைக் குதித்துச் செலவழிக்கலாமா?

சூரமங்கலத்துப் பிள்ளைகளுக்கும் இந்தச் சந்தேகம் வரும். குறுவட்டப் போட்டி நெருங்கிவிட்டால், சேலம் ஜங்ஷன் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் காலையிலேயே விசில் சத்தம் கேட்கும். பி.டி. சார் முதலில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவரச் சொல்வார். அடுத்து கை, கால், இடுப்பு என்று வரிசையாக வார்ம்-அப். அதற்கும் அடுத்து, “எல்லாரும் ரெண்டு கால்ல அஞ்சு ஜம்ப், நல்லா உசரமா!” என்பார். மூச்சு வாங்கிக்கொண்டே யாராவது ஒருவர் கேட்பார்: “இப்பவே களைச்சுட்டா அப்புறம் எப்படி சார் ஓடறது?”

நல்ல கேள்வி. உலகம் முழுக்க விளையாட்டு விஞ்ஞானிகள் இதே கேள்வியோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாருங்கள், நாமும் கொஞ்சம் மல்லுக்கட்டிப் பார்ப்போம்.

முதலில் சூடு ஏற வேண்டும்

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தொடைத் தசை, உடலின் உள்பகுதியைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். உள்ளே 37 டிகிரி செல்சியஸ் என்றால், தொடைத் தசையில் 35 டிகிரி அளவில் இருக்கும். மெல்ல ஓட ஆரம்பித்தால் முதல் 3 முதல் 5 நிமிடத்துக்குள் அந்த வெப்பம் விறுவிறுவென ஏறும். 10 முதல் 20 நிமிடத்தில், ஏற வேண்டிய அளவுக்கு ஏறி நின்றுவிடும்.

இந்த வெப்பம் தசைக்குள்ளேயே பிறப்பது. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் தசை அசைவாக மாற்றுகிறது, மிச்சமெல்லாம் வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பத்தை நுட்பமாக அளந்து, தசை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர் ஆர்ச்சிபால்ட் ஹில் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை அவரும் ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ மேயர்ஹோஃபும் பகிர்ந்துகொண்டார்கள்.

தசை சூடாக இருந்தால் அதற்குள் நடக்கும் வேதிவினைகள் வேகம் பிடிக்கும். மூளையிலிருந்து வரும் நரம்புச் செய்தியும் விரைவாக ஓடும். தசையின் வெப்பம் 1 டிகிரி கூடினாலே குதிப்பது, பாய்ந்து ஓடுவது போன்ற வேலைகளில் திறன் சில விழுக்காடு கூடும்.

“அப்படின்னா சேலத்து வெயில்ல நின்னாலே போதுமே!” என்கிறீர்களா? போதாது. வெயில் முதலில் தோலைத்தான் சுடும். உடனே உடம்பு வியர்த்து அந்தச் சூட்டை வெளியே தள்ளப் பார்க்கும். ஆழத்தில் இருக்கும் தொடைத் தசைக்கு வேலை கொடுத்தால்தான் அது சரியாகச் சூடேறும். ஒன்று மட்டும் உண்மை: ஏப்ரல் மாத மத்தியானத்தில் நீண்ட வார்ம்-அப் தேவையில்லை. டிசம்பர் பனிக் காலையில் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கும் மேல் இழுத்துப் பிடித்தபடி நின்றால், அந்தத் தசையின் வேகம் தற்காலிகமாகக் கொஞ்சம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் இப்போது பயிற்சியாளர்கள், விரைவோட்டத்துக்கு முன் அசையாமல் நின்று இழுப்பதைக் குறைத்துவிட்டு, காலை வீசி நடப்பது, முழங்காலைத் தூக்கி ஓடுவது போன்ற அசைவுப் பயிற்சிகளைக் கொடுக்கிறார்கள்.

சரி, தசை சூடாகிவிட்டது. அதற்கு மேல் குதிப்பு எதற்கு?

கால் தரையில் இருப்பது எத்தனை நேரம்?

2009-ஆம் ஆண்டு பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் ஜமைக்காவின் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அந்த ஓட்டத்தில் அவர் வைத்தவை மொத்தம் 41 எட்டுகள்தான். உச்ச வேகத்தில் ஓடும் ஒரு வீரரின் பாதம், ஒவ்வொரு எட்டிலும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது 0.1 நொடிகூட இல்லை. நீங்கள் கண் சிமிட்டும் நேரத்தைவிட அது குறைவு. அந்தத் துளி நேரத்துக்குள் பாதம், உடல் எடையைப் போலச் சில மடங்கு விசையோடு தரையைத் தள்ளியாக வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். தொடைத் தசை தன் முழு பலத்தையும் திரட்ட ஏறத்தாழ 0.3 நொடியாவது ஆகும். ஆனால் தரை கொடுப்பது 0.1 நொடி. தசை முழு பலத்தையும் திரட்டி முடிக்கும்போது பாதம் தரையில் இருக்காது, காற்றில் இருக்கும்!

ஆகவே வேகமாக ஓட, கால் பலமாக இருந்தால் மட்டும் போதாது. இருக்கிற பலத்தைச் சட்டென்று எடுக்கவும் தெரிய வேண்டும். அதற்குத் தசைக்கு ஒரு கூட்டாளி உண்டு. கெண்டைக்காலைக் குதிகால் எலும்போடு இணைக்கும் கனத்த நாண். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு போலத் தட்டுப்படும். நம் உடம்பிலேயே மிகத் தடிமனான நாண் இதுதான். பாதம் தரையில் மோதும்போது இது ரப்பர் பேண்ட் போல இழுபடும்; பாதம் எழும்பும்போது இழுத்த ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

சுவரில் ஒரு சோதனை

நாண் ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நீங்களே பாருங்கள்.

ஒரு சாக்பீஸ், ஒரு சுவர், உடன் ஒரு நண்பர் போதும். அம்மா திட்டாத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, கையை முடிந்தவரை மேலே தூக்கி ஒரு கோடு போடுங்கள். இனி இரண்டு விதமாகக் குதிக்க வேண்டும்.

முதல் விதம்: பாதி உட்கார்ந்த நிலைக்குப் போய், அப்படியே 3 நொடி அசையாமல் இருங்கள். மீண்டும் கீழே இறங்காமல், அங்கிருந்தே நேராக மேலே குதித்து எட்டும் இடத்தில் கோடு போடுங்கள்.

இரண்டாம் விதம்: நேராக நில்லுங்கள். சட்டென்று பாதி உட்கார்ந்து, நிற்காமல் உடனே மேலே குதித்துக் கோடு போடுங்கள்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து, அதிக உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது விதத்தில் சில சென்டிமீட்டர் கூடுதலாக வரும். சட்டென்று இறங்கி ஏறும்போது தசையும் நாணும் இழுபட்டு, அடுத்த நொடியே சுருங்குகின்றன. கீழே இறங்கும்போதே தசை விசை திரட்டத் தொடங்கிவிடுவதால், மேலே கிளம்பும்போது அது முழுத் தயாராக இருக்கும். முதல் விதத்தில் 3 நொடி காத்திருந்தோமே, அதில் இந்த லாபமெல்லாம் கரைந்துவிடுகிறது.

சுவரில் எட்டித் தொட்டு அளக்கும் இந்த முறையை 1921-ஆம் ஆண்டில் எழுதிப் பரப்பியவர் டட்லி சார்ஜென்ட் என்ற அமெரிக்கர். இன்றும் பல விளையாட்டுத் தேர்வுகளில் இப்படித்தான் அளக்கிறார்கள்.

இதில் கில்லாடி கங்காருதான். 1973-ஆம் ஆண்டில் டாசன், டெய்லர் என்ற இரு விஞ்ஞானிகள், நகரும் பட்டையின்மேல் கங்காருவைத் துள்ளவிட்டு, அது இழுக்கும் ஆக்ஸிஜனை அளந்தார்கள். வேகம் கூடியபோது ஆக்ஸிஜன் செலவு கூடவே இல்லை! நாமெல்லாம் வேகம் கூட்டினால் மூச்சிரைக்கிறோம். கங்காருவோ தன் நீண்ட நாண்களில் ஒவ்வொரு துள்ளலின் ஆற்றலையும் சேமித்து, அடுத்த துள்ளலுக்கு எடுத்துக்கொள்கிறது.

மனிதர்களுக்கு இந்தக் கலையைப் பயிற்சியாகக் கற்றுக்கொடுக்கலாம் என்று 1960-களில் காட்டியவர் சோவியத் நாட்டுப் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி. பெட்டியிலிருந்து கீழே குதித்து, தரையைத் தொட்ட மறுகணமே மேலே எழும்பச் சொல்வது அவருடைய முறை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் துள்ளல் ஒன்றும் புதிதில்லை. பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் கட்டம் தாண்டும்போதும், ஸ்கிப்பிங் கயிறு சுழலும்போதும், பச்சைக்குதிரை தாண்டும்போதும் கால் நாண்களுக்கு இதே வேலைதான்.

கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தயார்

இப்போது பி.டி. சார் சொன்ன அந்த ஐந்து குதிப்புக்கு வருவோம். மாதக் கணக்கில் குதித்துப் பழகினால் கால் வலுப்படும் என்பது புரிகிறது. ஓட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் குதித்தால் அன்றைய ஓட்டம் மாறுமா?

தசையின் உள்ளே போய்ப் பார்ப்போம். தசை நாருக்குள் ஆக்டின், மையோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் உண்டு. மையோசினுக்குச் சின்னச் சின்னத் தலைகள் இருக்கும். நரம்பிலிருந்து செய்தி வந்ததும் தசைக்குள் கால்சியம் பரவும். அப்போது அந்தத் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும், தசை சுருங்கும்.

தசை ஒருமுறை பலமாகச் சுருங்கியபின், மையோசின் தலைகளின் அடியில் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் ஒட்டிக்கொள்கிறது. அதனால் தலைகள் ஆக்டினுக்குச் சற்று நெருங்கி வந்துவிடுகின்றன. அடுத்த செய்தி வரும்போது கொஞ்சம் கால்சியம் இருந்தாலே சட்டென்று பற்றிக்கொள்கின்றன. சற்று முன் செய்த வேலையைத் தசை ‘நினைவில்’ வைத்திருக்கிறது என்றே சொல்லலாம். விரைவாகச் சுருங்கும் வகைத் தசை நார்களில்தான் இது அதிகம். ஓட்ட வீரருக்கு வேண்டியதும் அந்த நார்கள்தான். ஆனால் இந்த நினைவு நீடிப்பதில்லை. ஒரு நிமிடத்துக்குள்ளேயே மங்கத் தொடங்கி, சில நிமிடங்களில் போய்விடும்.

அதற்குப் பிறகும் சிலருக்கு வேகம் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கூடுதல் வெப்பம், தசைக்குள் போகும் கூடுதல் நீர், விழிப்பாகிவிட்ட நரம்புகள் எல்லாம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

“அப்போ அஞ்சு ஜம்ப்புக்குப் பதிலா ஐம்பது பண்ணலாமே?”

அங்கேதான் களைப்பு குறுக்கே வருகிறது. ஒவ்வொரு குதிப்பும் தயார்நிலையைக் கூட்டுகிறது. அதே குதிப்பு களைப்பையும் கூட்டுகிறது. நல்ல வேளையாக, குதிப்பை நிறுத்தியதும் களைப்பு முதலில் இறங்குகிறது. தயார்நிலை கொஞ்சம் மெதுவாக இறங்குகிறது. நடுவே ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. களைப்பு போயிருக்கும், தயார்நிலை மிச்சமிருக்கும். அந்த இடைவெளியில் விசில் ஊதினால் லாபம். குதித்து முடித்த அடுத்த நொடியே ஓடினால் களைப்பு ஜெயிக்கும். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஓடினால் இரண்டுமே போயிருக்கும்.

பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. கனமான எடையைத் தூக்கித் தயாரானவர்களுக்கு அந்த நல்ல நேரம் 5 நிமிடத்துக்குப் பிறகுதான் வருகிறது. வெறுமனே குதித்துத் தயாரானவர்களுக்கு 4 நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. குதிப்பில் களைப்பு குறைவு என்பதே காரணம். பல ஆண்டுகள் பயின்று கால் பலம் ஏறியவர்களுக்குப் பலன் அதிகம்; புதிதாகத் தொடங்கியவர்களுக்குக் குறைவு.

டோக்கியோவில் பெய்த மழை

போட்டியில் காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நம் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறியதில் அவருடைய வலது கால் நசுங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தான் அவரை உயரம் தாண்டச் சொன்னார். 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்ஸில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

உயரம் தாண்டுதலில் ஒருவர் தாண்டியதும் உடனே அடுத்த வாய்ப்பு வராது. மற்றவர்கள் எல்லாரும் தாண்டி முடிக்க வேண்டும். கம்பியை உயர்த்த வேண்டும். அதுவரை தசை ஆறிக்கொண்டே இருக்கும். அதனால் தாண்டுபவர்கள் ஓரமாக நடப்பதும், சின்னதாக ஓடுவதும், இரண்டு துள்ளு துள்ளுவதுமாக இருப்பார்கள். தங்கள் முறை வரும் நேரத்துக்குச் சரியாகத் தசை சூடாகவும் விழிப்பாகவும் இருக்க வேண்டும் அல்லவா?

2021 ஆகஸ்ட் 31 அன்று டோக்கியோவில் இறுதிப் போட்டி நடந்தபோது தூறல் விழுந்தது, பிறகு வலுத்தது. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்துவிட்டதால் எழும்பிக் குதிப்பது சிரமமாகிவிட்டது என்று மாரியப்பன் பிறகு சொன்னார். அவர் தாண்டியது 1.86 மீட்டர். தங்கம் வென்ற அமெரிக்காவின் சாம் க்ரூ தாண்டியது 1.88. இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். பாதம் தரையைத் தள்ளும் அந்தத் துளி நேரத்தில் ஈரமும் ஒரு பங்காளியாகிவிட்டது.

உங்கள் குறுவட்டப் போட்டியிலும் இதே கதைதான். காலை 8 மணிக்கு வார்ம்-அப் செய்திருப்பீர்கள். நம்பரைச் சட்டையில் குத்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பீர்கள். “14 வயதுக்குட்பட்டோர் நூறு மீட்டர், முதல் ஹீட்!” என்று மைக்கில் கூப்பிடும்போது 9:30 ஆகியிருக்கும். 8 மணிக்கு ஏற்றிய சூடு அதற்குள் எங்கேயோ போயிருக்கும். பெயர் கூப்பிட்டபின் ஓரமாகப் போய் மெல்ல ஓடி, நாலைந்து துள்ளு துள்ளுவது அதனால்தான் புத்திசாலித்தனம்.

உங்கள் வயதுக்கு எவ்வளவு?

பெரியவர்களிடம் வரும் பலன் சிறுவர்களிடம் அப்படியே வருவதில்லை. சில சிறுவர் குழுக்களில் குதித்தபின் ஓட்ட வேகம் கூடியது. சில குழுக்களில் ஒன்றும் மாறவில்லை. ஒரே குழுவிலேயே ஒருவருக்குக் கூடி, பக்கத்தில் இருப்பவருக்குக் குறைந்ததும் உண்டு. வளரும் வயதில் தசையும் நரம்பும் இன்னும் பழகிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது: களைப்பிலிருந்து சிறுவர்கள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் மீள்கிறார்கள்.

குதிப்புப் பயிற்சிக்கு வேகத்தைத் தவிர இன்னொரு பயனும் உண்டு. உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் ‘ஃபிஃபா 11+’ என்ற வார்ம்-அப் 20 நிமிடம் நடக்கும்: 8 நிமிடம் மெல்லோட்டம், 10 நிமிடம் பலம், குதிப்பு, சமநிலைப் பயிற்சி, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 கால்பந்துச் சிறுமிகளைக் கொண்டு இதைச் சோதித்து, 2008-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. வேகம் வருகிறதோ இல்லையோ, சரியாகத் தரையிறங்கப் பழகிய முழங்கால் பிழைத்துக்கொள்கிறது.

சரியாகத் தரையிறங்குவது எப்படி? சத்தம் வராமல் இறங்க வேண்டும். தடால் என்று கேட்டால் அதிர்ச்சியை எலும்பு வாங்குகிறது; மெல்லக் கேட்டால் தசை வாங்குகிறது. முழங்கால்கள் ஒன்றோடு ஒன்று முட்டுகிற மாதிரி உள்ளே மடங்கக் கூடாது. கால் விரல் பார்க்கும் திசையிலேயே முழங்காலும் பார்க்க வேண்டும்.

சிமெண்ட் தரையில் வேண்டாம். மண் தரையில் குதியுங்கள். ஒரு தடவைக்கு 5 குதிப்பு, இரண்டு தடவை போதும். வார்ம்-அப் முடிந்தபின்தான் குதிக்க வேண்டும். குளிர்ந்த காலோடு வேண்டாம். உயரமான பெட்டி, திண்ணை ஆகியவற்றிலிருந்து குதிக்கும் பயிற்சி, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும் பெரிய வீரர்களுக்கானது. மளமளவென்று உயரம் கூடும் வயதில் குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலி வரலாம். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, வீட்டிலும் சாரிடமும் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குதிப்பது வீரம் இல்லை.

கட்டைவிரலை நம்பலாமா?

உங்களுக்கு ஐந்து குதிப்பால் லாபமா, நட்டமா? உங்கள் மைதானத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது, ஜாக்கிரதை.

50 மீட்டரை நீங்கள் 8 நொடியில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். குதித்ததால் 1 விழுக்காடு வேகம் கூடினால் மிச்சமாவது 0.08 நொடி. ரொம்பக் கொஞ்சமாகத் தெரிகிறதா? முடிவுக் கோட்டில் அது அரை மீட்டர் முன்னிலை! முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் நடுவே பல நேரங்களில் அவ்வளவுகூட இருக்காது.

இந்த 0.08 நொடியை ஸ்டாப்வாட்ச் பிடித்த கட்டைவிரலால் அளக்க முடியுமா? முதலில் கட்டைவிரலை அளந்து பார்ப்போம். நண்பர் ஒரு 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். கீழ்முனையில் பூஜ்ஜியம் இருக்க வேண்டும். உங்கள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அந்தப் பூஜ்ஜியத்தின் இருபுறமும் தொடாமல் இருக்கட்டும். நண்பர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் பிடித்தீர்கள்? 15 செ.மீ. என்றால் உங்கள் கை விழித்துக்கொள்ள ஏறத்தாழ 0.17 நொடி ஆனது, 20 செ.மீ. என்றால் 0.20 நொடி, 25 செ.மீ. என்றால் 0.23 நொடி.

பார்த்தீர்களா? நாம் தேடுவது 0.08 நொடி. நம் கட்டைவிரலின் தாமதமே அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தடகள அதிகாரிகளுக்கு இது தெரியும். கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட வேண்டுமானால், 0.24 நொடி கூட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம்.

இன்னொரு பொறியும் உண்டு. முடிவுக் கோட்டில் நிற்பவர் விசில் சத்தத்தைக் கேட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினால், சத்தம் 50 மீட்டர் வந்து சேரவே ஏறத்தாழ 0.14 நொடி ஆகிவிடும். நம்மூர்ச் சூட்டில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் அளவில் பயணிக்கிறது. வகுத்துப் பாருங்கள். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. அதனால்தான் நேரம் எடுப்பவர்கள் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்காமல், அதன் புகையைப் பார்த்து அழுத்துவார்கள்.

உங்களுக்கு வழி: செல்போன் கேமரா. தொடங்கும் இடத்தில் ஒருவர் சிவப்புத் துணியைச் சட்டென்று கீழே இறக்கட்டும். முடிவுக் கோட்டருகே நிற்பவர் துணி இறங்குவதையும், ஓடிவருபவரின் மார்பு கோட்டைத் தொடுவதையும் ஒரே வீடியோவில் எடுக்கட்டும். நொடிக்கு 60 படம் எடுக்கும் வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தினால், 0.017 நொடிவரை துல்லியம் கிடைக்கும். கட்டைவிரல் பக்கத்திலேயே வர முடியாது!

இனிச் சோதனை. வகுப்பில் விருப்பமுள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். முதல் நாள் ஒரு குழு வார்ம்-அப் மட்டும் செய்யும். இன்னொரு குழு அதே வார்ம்-அப்போடு 5 குதிப்பு வீதம் இரண்டு தடவை குதிக்கும். இரண்டு குழுவும் அதன்பின் ஒரே மாதிரி 3 நிமிடம் காத்திருந்து 50 மீட்டர் ஓட வேண்டும். இரண்டு நாள் கழித்து, அதே நேரத்தில், அதே மைதானத்தில், குழுக்கள் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஒவ்வொருவரும் தன்னோடு தானே போட்டி போடுவார். முதல் நாள் களைப்போ, இரண்டாம் நாள் பழக்கமோ ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாகாது.

முடியுமானால் அடுத்த வாரமும் இதே மாதிரி செய்யுங்கள். ஒரே ஓட்டத்தில் வந்த வித்தியாசம் காற்றாலும் வரலாம், காலையில் சாப்பிட்ட இட்லியாலும் வரலாம். பல பேர், பல ஓட்டம் என்று சேர்த்துச் சராசரி எடுக்கும்போதுதான் குதிப்பின் பங்கு தனியாகத் தெரியும். “குதித்தால் வேகம் வரும்” என்று முன்பே நம்புகிறவர், அந்த நம்பிக்கையாலேயே கொஞ்சம் வேகமாக ஓடிவிடுவதும் உண்டு. அதனால் வீடியோவைப் பார்த்து நேரம் குறிப்பவருக்கு, ஓடியவர் குதித்தாரா இல்லையா என்று சொல்லாதீர்கள். அவராவது பாரபட்சமில்லாமல் குறிக்கட்டும்.

முடிவில் மூன்றில் ஒன்று வரும். வேகம் கூடியிருந்தால், காத்திருக்கும் நேரத்தை 1 நிமிடம், 6 நிமிடம் என்று மாற்றி உங்களுக்கு எது சரி என்று பாருங்கள். குறைந்திருந்தால், 5-க்குப் பதிலாக 3 குதித்துப் பாருங்கள். ஒன்றுமே மாறாவிட்டால், அதுவும் ஒரு விடைதான். நோட்டில் அப்படியே எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள். அடுத்த தடவை பி.டி. சாரிடம் யாராவது “இப்பவே களைச்சுட்டா எப்படி சார்?” என்று கேட்டால், “அளந்து வெச்சிருக்கோம், பாருங்க சார்” என்று அந்த நோட்டை நீட்டலாம். சூரமங்கலத்துப் பிள்ளைகள் எத்தனை குதிக்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தைவிட அந்த நோட்டுதான் சரியாகச் சொல்லும்.